வெளிநாட்டுச் சபையார் நம் ஊரில் தங்கும் நாட்கள்

நம் திருமண்டலங்கள் பலவற்றுக்குக் கடல் கடந்த சபைகளோடு உறவு உண்டு. தரங்கம்பாடியில் வேர்விட்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு ஜெர்மனியும் சுவீடனும் பழைய சொந்தம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகி 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்த தென்னிந்தியத் திருச்சபைக்கு இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அப்படியே. இந்த உறவின் பேரில் அவ்வப்போது ஏழெட்டுப் பேர் வருவார்கள், ஒரு வாரம் பத்து நாள் தங்குவார்கள். மாலை, பொன்னாடை, பள்ளிக்கூட மேடையில் வரவேற்பு நடனம், ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டுதல், கடைசி நாள் பிரிவுபசார விருந்து. எல்லாம் குறைவில்லாமல் நடக்கும். வேன் கிளம்பிப் போன பிறகு யோசித்துப் பார்த்தால், வந்தவர்களில் ஒருவரோடாவது அரை மணி நேரம் நிதானமாக உட்கார்ந்து பேசினவர்கள் சபையில் நாலு பேர் இருக்க மாட்டார்கள்.

விருந்தோம்பல் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வந்த விருந்தாளியை நண்பராக்கிக்கொள்ளத்தான் கொஞ்சம் முறை வேண்டியிருக்கிறது. நாம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கும் வரை அவர் விருந்தாளியாகவே இருப்பார். அவருடைய உழைப்பையும் கேள்வியையும் 'வேண்டாம்' என்ற சொல்லையும் நாம் வாங்கிக்கொள்ளும் அன்றைக்குத்தான் நட்பு ஆரம்பமாகும். அவரிடமிருந்து வாங்கக் கூடாத ஒன்று பணம். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

காகித வேலை

வெளிநாட்டவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ சபையின் விருந்தினர் விடுதியிலோ இரவு தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். ஓட்டலுக்கு மட்டும் உள்ள விதி என்று பலர் நினைக்கிறார்கள். தனி வீட்டுக்கும் அது பொருந்தும். 'சி ஃபார்ம்' என்று நெடுநாளாகப் பழகிப்போன இந்த வேலையை இணையத்திலேயே முடிக்கலாம். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டங்கள் போய்விட்டாலும் இந்தக் கடமை போகவில்லை. பாஸ்போர்ட், விசா இரண்டின் நகல், ஒரு புகைப்படம், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்ற விவரம் ஆகியவற்றைப் பயணத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கியவரிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு நிற்பது நன்றாயிருக்காது. வீடு வீடாகத் தங்க வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். கணினி தெரிந்த இளைஞர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள்.

விசா விஷயத்தில் நம் சபைகள் அடிக்கடி சறுக்குவது மேடையில்தான். வெள்ளைக்காரர் ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தால், 'ஐயா ரெண்டு வார்த்தை பேசணும்' என்று மைக்கை நீட்டுவது நமக்கு இயல்பு. சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், நற்கருணை வாங்கலாம், பாடலாம். பிரசங்கம் செய்யவோ துண்டுப் பிரதி கொடுக்கவோ அந்த விசா இடம் தராது. அதற்கு மிஷனரி விசா தனியாக இருக்கிறது. மைக்கை நீட்டுவது நமக்கு மரியாதையாகத் தோன்றலாம். ஆனால் அதற்காக அவர் திருப்பி அனுப்பப்படலாம், மறுபடி விசாவே கிடைக்காமல் போகலாம். ஆகவே பேச அழைக்க வேண்டாம். போஸ்டரில் 'சிறப்புச் செய்தியாளர்' என்று பெயரும் போட வேண்டாம்.

யார் வீட்டில் தங்குவது

இந்த அத்தியாயத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைக் கமிட்டிக் கூட்டத்தில் வாசியுங்கள்.

வெளிநாட்டவரை எங்கே தங்க வைப்பது என்ற பேச்சு வந்ததும் ஏ.சி. உள்ள வீடு, கார் உள்ள வீடு, ஆங்கிலம் பேசும் வீடு என்று பட்டியல் தயாராகும். அந்தப் பட்டியல் வருடா வருடம் மாறாது. பல ஊர்களில் அது ஒரே சாதிக்காரர்களின் பட்டியலாகவும் இருக்கும். விருந்தினர் நாலு பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு, அதுதான் சபை என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்புவார். காலனியில் இருக்கிற சபை மக்களை அவர் ஆராதனையில் பின் வரிசையில் பார்த்ததோடு சரி.

வீட்டில் தங்க வைக்க உண்மையில் என்ன வேண்டும்? கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை அல்லது மறைப்பு, சுத்தமான கழிப்பறை, கொசுவலை, மின்விசிறி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். இவ்வளவு இருக்கிற வீடு எந்தத் தெருவில் இருந்தாலும் போதும். ஏ.சி. இல்லாததைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். முட்டி வலி உள்ள வயதானவரால் குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்த முடியுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாத வீடு என்று தள்ளிவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அந்த ஒரு வாரத்தில் அது பேசக் கற்றுக்கொள்ளும் ஆங்கிலம் வருடக்கணக்கில் நிற்கும்.

'உங்கள் சபையில் சாதி உண்டா?' என்று அவர்கள் கேட்பார்கள். படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 'அதெல்லாம் வெளியே, சபைக்குள் இல்லை' என்று சொல்ல வேண்டாம். தனிக் கல்லறைத் தோட்டம் இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். திருமணச் சம்பந்தம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள், அதை எதிர்த்து யார் போராடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். உண்மையைச் சொன்ன பிறகு, அவர்கள் சபையில் அகதிகளை எப்படி நடத்துகிறார்கள், ஆலயங்கள் ஏன் காலியாகின்றன என்று நாமும் கூச்சமில்லாமல் கேட்கலாம். தங்கள் குறையை மறைக்காமல் பேசிக்கொள்ளும் இரண்டு சபைகளுக்குள் உண்டாகும் உறவு, பொன்னாடை போர்த்தி வருவதில்லை.

சாப்பாடு

நாம் ஊட்டி ஊட்டியே கொல்லுகிறவர்கள் என்று நம்மைப் பற்றி ஒரு பெயர் இருக்கிறது. ஜெர்மானியரோ சுவீடன்காரரோ 'போதும்' என்றால் போதும் என்றே அர்த்தம். நம்மைப் போல மூன்றாவது தடவை சம்மதிப்பதற்காக முதல் இரண்டு தடவை மறுக்கிற வழக்கம் அங்கே இல்லை. கையால் இலையை மறைத்த பிறகும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினால் அவருக்கு அது அன்பாகத் தெரியாது, தன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்றுதான் தெரியும். கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்தவர் மரியாதைக்காக மறுக்கக்கூடும். அவர்களை இன்னொரு தடவை கேட்கலாம்.

ஒவ்வாமையை மிகவும் கவனமாக விசாரியுங்கள். நிலக்கடலை ஒவ்வாத ஒருவருக்கு நம் சமையலறையில் ஆபத்து பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. தாளிக்கிற கடலை எண்ணெய், சட்னி, புளியோதரை, மிட்டாய் எல்லாவற்றிலும் அது இருக்கும். கோதுமை ஒவ்வாதவருக்கு இட்லி, இடியாப்பம், ஆப்பம் என்று நம்மிடம் சொர்க்கமே இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு 'இதில் கோதுமையே இல்லை' என்று மனப்பூர்வமாகச் சொல்லுவோம். டப்பாவில் அச்சிட்டிருப்பதை எடுத்துப் படியுங்கள்.

காரத்தைப் பாதியாக்குவதைவிட, காரமில்லாத ஒரு குழம்பைத் தனியாக வைத்து, நம் சாப்பாட்டை நம் சாப்பாடாகவே பரிமாறுவது நல்லது. தயிர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நாளாவது அடுப்பங்கரையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அவர்கள் ஊர் உருளைக்கிழங்குச் சாலட்டோ அப்பமோ செய்யட்டும். உப்புச் சப்பில்லாமல் இருந்தாலும் வீடு முழுக்க உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வேலையில் கூட்டுச் சேர்த்தல்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஸ்தோத்திரப் பண்டிகையை ஒட்டி அசனம் என்ற ஊர்ப் பந்தி நடக்கும் நாட்களில் அவர்கள் வரும்படி பார்த்துக்கொண்டால் நீங்கள் தனியாக நிகழ்ச்சி எதுவும் வகுக்க வேண்டியதில்லை. ஆனால் அசனத்தன்று மத்தியானம் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் பந்தியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பதில் பயனில்லை. முந்தின ராத்திரியே கூட்டிப் போங்கள். ஆலய வளாகத்தில் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, ஊர்ப் பெண்களும் ஆண்களும் வட்டமாக உட்கார்ந்து உரிக்கிற இடத்தில் ஓர் அரிவாள்மணையையும் ஒரு பலகையையும் கொடுங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் தோல் லேசாகக் கழன்று வரும் என்பதை ஒரு பாட்டி மொழியே இல்லாமல் செய்து காட்டிவிடுவார். பக்கத்தில் கத்தரிக்காய் நறுக்குவார்கள், அந்தப் பக்கம் ஆட்டுக்கறி வெட்டுவார்கள். நடுச்சாமத்தில் கடுங்காப்பி வரும். அண்டாவில் குழம்பு கொதிக்கத் தொடங்கும்போது, வந்தவருக்கு ஊரில் பத்துப் பேரின் பெயராவது தெரிந்திருக்கும். மறுநாள் பரிமாறவும் விடுங்கள். சாதி, மதம் பார்க்காமல் ஊரே வந்து உட்கார்ந்து சாப்பிட்டு, தூக்குவாளியிலும் வாங்கிப் போகிற அந்தப் பந்தியில் சோற்று வாளியைப் பிடித்து நின்றவருக்கு, நம் நம்பிக்கை இந்த மண்ணில் எப்படி வாழ்கிறது என்பதை விளக்க யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து ஊர்ச் சபைக்கு வந்த ஜெர்மன் குழுவில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருந்தார். தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. வரவேற்புக் கூட்டங்களில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். ஆலயத்தில் கால் ஆடுகிற பெஞ்சுகளைச் சரிசெய்ய ஊர் ஆசாரி வந்த அன்று, அவர் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றார். ஆசாரி இழைப்புளியை நீட்டினார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிடித்து, இரண்டு தடவை இழுத்து, சுருளாக வந்த சீவலை எடுத்து ஆசாரியிடம் காட்டினார். அதன் பிறகு மூன்று நாள் இருவரும் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார்கள். நிகழ்ச்சி நிரலில் இருந்த எந்தப் பயணத்துக்கும் அவர் போகவில்லை. ஆசாரி இந்து, கூலி வேலைக்குத் தவிர வேறெதற்கும் அந்த வளாகத்துக்குள் வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு இன்றும் ஜெர்மனியிலிருந்து அவர் பெயருக்கு வாழ்த்தட்டை வருகிறது.

ஆகவே குழு வருவதற்கு முன் அவர்களுடைய தொழிலைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நர்ஸ், தேனீ வளர்ப்பவர், ரயில் ஓட்டுநர், பள்ளி ஆசிரியை என்று விதவிதமாக இருக்கும். அதே தொழில் செய்கிறவரை ஊரில் தேடி, ஒரு முழு நாள் இருவரையும் சேர்த்து விடுங்கள்.

ஆராதனை

லுத்தரன் சபைகளில் ஜெர்மன் ஞானப்பாட்டு ராகங்கள் பல இன்றும் பாடப்படுகின்றன. அவர்கள் தாத்தா பாட்டி பாடிய ராகத்தை நம் ஊர் ஆலயத்தில் தமிழில் கேட்கும்போது பலர் திகைத்துவிடுவார்கள். அந்தப் பாட்டை ஒரே நேரத்தில் இரு மொழியிலும் பாடச் சொல்லுங்கள். அடுத்ததாகத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைத் தாளத்தோடு பாடிக் காட்டுங்கள். வெளியிலிருந்து வந்த ராகத்தை நாம் வைத்துக்கொண்டோம், நம் ராகத்திலும் அதே விசுவாசத்தைப் பாடினோம் என்பது அவர்களுக்கு விளங்கும்.

வந்தவர்கள் எல்லோரும் பக்திமான்கள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சிலர் சபையில் பெயருக்கு உறுப்பினர். சிலர் மனைவியோடு துணைக்கு வந்தவர். 'ரட்சிக்கப்பட்டீர்களா?' என்று சாப்பாட்டு மேசையில் கேட்காதீர்கள். அவர்கள் ஜெபம் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். நம் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒருவராகச் சத்தமாக ஜெபிக்கும்போது அவர்கள் முறையைத் தாண்டிப் போக வழி விடுங்கள்.

குழுவின் தலைவர் பெண் குருவானவராக இருக்கலாம். சுவீடனில் 1960 முதல் பெண்கள் குருத்துவம் பெற்று வருகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையிலும் 1976-ல் அது தொடங்கிவிட்டது, 2013-ல் பெண் பேராயரும் வந்துவிட்டார். ஆகவே அவரை 'மேடம்' என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டு அவருடைய கணவருக்கு மாலை போடாதீர்கள். மணவிலக்கு, தன்பாலினத் திருமணம், மது ஆகியவற்றில் நம் சபைக்கும் அவர்கள் சபைக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருக்கும். முதல் நாள் அதை எடுக்க வேண்டாம். நாலைந்து வேளை ஒன்றாகச் சாப்பிட்ட பிறகு, அவர்கள் கேட்டால், உங்கள் கருத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு நல்ல முன்மாதிரி நம் மண்ணிலேயே இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் படித்ததோடு நிற்காமல், உள்ளூர்த் தமிழர்களிடம் அவர்கள் வழிபாடு, வழக்கம் பற்றிக் கேள்வி அனுப்பிப் பதில் கடிதங்கள் எழுதி வாங்கினார். அவை ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி முடித்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை, 1867-ல்தான் வெளிவந்தது. அவர் மதம் பரப்ப வந்தவர்தான். இருந்தும் கேட்டார், கேட்டதை எழுதிவைத்தார்.

அக்கம்பக்கத்தார்

விருந்தினரைச் சபைச் சுவருக்குள்ளேயே வைத்திருப்பது நம் ஊரை அவர்களுக்கு மறைப்பதாகும். எதிர்வீட்டு இந்துக் குடும்பத்தையும், தெருக்கோடி முஸ்லிம் கடைக்காரரையும் ஒரு நாள் சாயங்காலம் காபிக்குக் கூப்பிடுங்கள். கோயிலுக்குக் கூட்டிப் போவதானால், கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை பல கோயில்களில் உண்டு என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் தடுத்த பிறகு சொன்னால் மனசுக்குச் சங்கடம். பள்ளிவாசலோ தர்காவோ ஆனால் தலையை மூடத் துணி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் வழியாகப் போகிறவர்கள் சிவகங்கைக் குளக்கரையில் உள்ள ஸ்வார்ட்ஸ் ஆலயத்தைப் பார்க்காமல் வரக் கூடாது. ஜெர்மானியரான ஸ்வார்ட்ஸ் 1798-ல் தஞ்சையில் இறந்தார். இளமையில் அவருடைய பாதுகாப்பில் வளர்ந்த மன்னர் இரண்டாம் சரபோஜி, லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்து அந்த ஆலயத்தில் வைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் அருகில் மன்னர் நிற்கிறார். சரபோஜி கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தார், ஸ்வார்ட்ஸ் கடைசி வரை மிஷனரியாகவே இருந்தார். வெளிநாட்டு விருந்தினருக்கு நான் காட்ட விரும்பும் முதல் இடம் அதுதான், பெரிய கோயில்கூட அதற்கு அடுத்துத்தான்.

பணமும் பிள்ளைகளும்

வெளிநாட்டவர் தரும் நன்கொடை ரூபாயாக இருந்தாலும் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன் கீழ் பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். அதுவும் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். ஆகவே காணிக்கைப் பை வரும்போது ஒன்றும் போட வேண்டாம் என்று குழுவிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஏதாவது செய்ய விரும்புகிறவர்களைத் திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 'கூரை ஒழுகுது, ஐயா பார்த்து ஏதாவது' என்று கமிட்டியில் யாரும் தனியாகக் காதில் போடக் கூடாது. மகனுக்கு விசாவுக்கு ஸ்பான்சர் கடிதம் கேட்பதும் அதே போலத்தான். ஒரு தடவை கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு நாம் சிரித்தாலும் அவருக்குச் சந்தேகம் வரும்.

விடுதிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்துப் படம் எடுக்க விடாதீர்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி குற்றம். வெளிநாட்டுச் சபைகள் பலவற்றில் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி கடுமையாக உண்டு. அவர்கள் விலகி நின்றால் அதைக் கர்வம் என்று எண்ண வேண்டாம்.

போன பிறகு

முதல் மாதம் வாட்ஸ்அப்பில் படங்கள் வரும், பிறகு குறையும். தொடர்பை நிலைநிறுத்த ஒரு நாளைக் குறித்துக்கொள்வது உதவும். மார்ச் முதல் வெள்ளியன்று பெண்கள் நடத்தும் உலக ஜெப நாளுக்கு இரு சபைப் பெண்களும் சேர்ந்து ஆயத்தம் செய்யலாம். ஜெர்மனி குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் மூன்றரை. நம் சாயங்காலம் ஆறரை மணி அவர்களுக்கு மத்தியானம், பேச வசதியான நேரம். யார் வீட்டில் துக்கம், யாருக்கு ஆபரேஷன் என்று ஜெபக் குறிப்புகளைப் பெயர் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பொதுவாக 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்பதில் யாருக்கும் யாரும் நினைவில் நிற்பதில்லை.

என்றாவது அவர்களிடமிருந்து பதில் அழைப்பு வரும். நாலு பேருக்குப் பயணச் செலவை அவர்களே ஏற்பார்கள். அப்போது கமிட்டிச் செயலரும் பொருளாளரும் அவரவர் துணைவியரும் என்று பட்டியலை முடித்துவிடாதீர்கள். வெங்காயம் உரித்த பெண்களில் ஒருவரையும், ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையின் வீட்டிலிருந்து ஒருவரையும், காலனித் தெருவிலிருந்து ஒருவரையும் அனுப்புங்கள். பாஸ்போர்ட் எடுக்க நாளாகும். இந்த மாதமே அவர்களை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.